இரண்டு திரைகளும் கொஞ்ச காலம் இருக்கட்டும்

லினக்ஸ் கணினிகளில் ‘எக்ஸ்ஐஸ்’ என்று ஒரு பொடி நிரல் உண்டு. திறந்தால் திரையில் இரண்டு முட்டைக் கண்கள் வரும். மவுஸ் கர்சர் போகிற பக்கமெல்லாம் கருவிழிகள் திரும்பும். வேறு வேலை எதுவும் அதற்குக் கிடையாது. ஆனால் கணினி நிர்வாகிகள் சில ஆண்டுகளாக அதை ஒரு சோதனைக்குப் பயன்படுத்துகிறார்கள். இன்றைய லினக்ஸ் கணினி ஒன்றில் அதை ஓடவிட்டால், சில விண்டோக்களின் மேல் கர்சர் நகரும்போது கண்கள் கூடவே வரும். வேறு சிலவற்றின் மேல் போனதும் அசையாமல் நின்றுவிடும். கண் நிற்கிற இடத்தில் இருப்பது புதிய சாளர அமைப்பின் விண்டோ. கண் தொடர்கிற இடத்தில் இருப்பது பழையதன் விண்டோ. பார்ப்பவருக்கு ஒரே திரைதான் தெரிகிறது. அதன் பின்னால் இரண்டு அமைப்புகள் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

பழையதன் பெயர் எக்ஸ்11. புதியது வேலண்ட். இரண்டுக்கும் நடுவே நின்று பழைய நிரல்களைப் புதிய திரையில் காட்டும் ஏற்பாடு எக்ஸ்வேலண்ட். விண்டோக்களைத் திரையில் வரைவது, நகர்த்துவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, எந்த விண்டோவுக்கு விசைப்பலகையின் எழுத்து போகவேண்டும் என்று முடிவுசெய்வது எல்லாம் சாளர அமைப்பின் பொறுப்பு. மைக்ரோசாப்ட் விண்டோஸில் இது இயங்குதளத்தோடு ஒட்டிப் பிறந்தது; மாற்றினால் எல்லாமே சேர்ந்துதான் மாறும். யூனிக்ஸ் மரபில் இது தனித்துண்டு. கழற்றலாம், மாற்றலாம், இரண்டைச் சேர்த்தும் வைக்கலாம்.

2025 மே மாதம் வெளியான ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-ல், எக்ஸ்11-ஐ ஓட்டும் எக்ஸ் சர்வர் நீக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ல், எக்ஸ்11 வழியாக க்னோம் திரைக்குள் நுழையும் வழி மூடப்பட்டது. ஆனால் எக்ஸ்வேலண்ட் இரண்டிலும் இருக்கிறது. வீட்டைக் காலிசெய்யச் சொன்னவர்கள் திண்ணையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். இந்தத் திண்ணை சாமானியமானதில்லை. தமிழ்நாட்டில் கணினி வாங்கும் துறைகளும் ஆய்வு நிறுவனங்களும் கவனிக்கவேண்டியது அதைத்தான்.

இந்தத் துறையில் பழையதும் புதியதும் மோதுவது முதல்முறை அல்ல. 1984-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப் ஷீஃப்லரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் வேலையைத் தொடங்கினார்கள். ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ‘டபிள்யூ’ என்ற அமைப்புதான் மூலம். ஆங்கில அகரவரிசையில் அடுத்த எழுத்து இதற்குப் பெயரானது. அக்கழகத்தில் நடந்த அதீனா திட்டத்தில் டிஜிட்டல், ஐபிஎம் என்று வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விண்டோ வேண்டும், ஒரு கணினியில் ஓடும் நிரலின் விண்டோ இன்னொரு கணினியின் திரையில் திறக்க வேண்டும் என்பது தேவை. பத்தாவது பதிப்பு, அதாவது எக்ஸ்10, பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் பரவியது. பரவிய பிறகுதான் அதன் குறைகள் தெரிந்தன. 1987 செப்டம்பர் 15 அன்று எக்ஸ்11 வெளியானது.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. எக்ஸ்10-க்காக எழுதிய நிரல், எக்ஸ்11 சர்வரிடம் பேசினால் அதற்குப் புரியாது. பேச்சு முறையே மாறிவிட்டது. ஆராய்ச்சிக் கூடங்களில் அன்றாடம் பயன்பட்ட நிரல்கள் ஒரே இரவில் மாற்றி எழுதப்படுபவை அல்ல. எழுதிய மாணவர் பட்டம் வாங்கிப் போயிருப்பார். மூலநிரல் எந்த நாடாவில் இருக்கிறது என்று தேடவேண்டியிருக்கும். எனவே இரண்டு பதிப்புகளின் நூலகங்களையும் தனித்தனி அடைவுகளில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது தேவையான சர்வரை ஓடவிட்டுச் சமாளிக்க வேண்டியிருந்தது. ஒரு திரைக்கு ஒரு சர்வர்தான் சொந்தம் கொண்டாட முடியும் என்பதால் இது சுகமான வாழ்க்கை இல்லை. ஒன்றை நிறுத்தித்தான் மற்றொன்றை ஏற்றவேண்டும்.

இதைவிடத் துணிச்சலான வழியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பிடித்தது. பின்னாளில் ஜாவா மொழியை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் அந்த நிறுவனத்தில் ‘நியூஸ்’ என்ற சாளர அமைப்பை வடிவமைத்திருந்தார். அச்சு இயந்திரங்களுக்கான போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியிலேயே திரையில் வரையும் அமைப்பு அது. நுட்பத்தில் எக்ஸைவிடச் சிறந்தது என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் சந்தை எக்ஸ் பக்கம் போய்விட்டது. சன் வீம்பு பிடிக்கவில்லை. எக்ஸ்11, நியூஸ் இரண்டையும் ஒரே சர்வருக்குள் வைத்து ‘ஓப்பன்விண்டோஸ்’ என்று கொடுத்தது. இரண்டு வகை நிரல்களும் ஒரே திரையில் அக்கம்பக்கத்தில் ஓடின. பயனாளர்கள் மெல்ல எக்ஸுக்கு நகர்ந்தார்கள். பிறகு நியூஸ் ஆளில்லாமல் ஓய்ந்தது. மேலே சொன்ன முட்டைக் கண் நிரலும் நியூஸில் பிறந்து, பின்பு கீத் பேக்கர்ட் கையால் எக்ஸ்11-க்கு வந்ததுதான். இன்று அதே நிரல் எக்ஸ்வேலண்ட் தயவில் மூன்றாவது அமைப்பிலும் முழிக்கிறது.

இந்தக் கதைக்கும் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் காலம்.

போடிநாயக்கனூருக்கு அருகே, பொட்டிபுரம் ஊராட்சியிலுள்ள அம்பரப்பர் மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க, மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு, அதன் அடுக்குகளுக்கிடையே ஏறக்குறைய 29,000 கண்ணாடித் தட்டு உணரிகள் என்பது வடிவமைப்பு. பிறகு நடந்தது ஊரறிந்தது. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மறுபடி அனுமதி கிடைத்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு, மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருப்பதும் அதற்கான காரணங்களில் ஒன்று. திட்டம் வரவேண்டுமா கூடாதா என்ற வழக்கை இங்கே நடத்தத் தேவையில்லை. வந்தாலும் வராவிட்டாலும், அதற்காக எழுதப்பட்ட மென்பொருளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

மலை குடையப்படவில்லை, ஆனால் கணினிக்குள் அந்த 50,000 டன் இரும்பு ஏற்கெனவே அடுக்கப்பட்டுவிட்டது. நியூட்ரினோ உணரியில் மோதினால் என்ன தடம் விழும், அந்தத் தடத்திலிருந்து மியூவான் துகளின் ஆற்றலை எவ்வளவு துல்லியமாகக் கணிக்கலாம் என்பதையெல்லாம் இந்திய விஞ்ஞானிகளும் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் கணினியில் ஓட்டிப் பார்த்துக் கட்டுரைகளாக வெளியிட்டிருக்கிறார்கள். அதற்குப் பயன்பட்டவை ‘நுவான்ஸ்’ என்ற ஃபோர்ட்ரான் நிரல், 1998-ல் முதல் பதிப்பு வந்த ‘ஜியண்ட்4’ ஆகியவை. துகள் இயற்பியலில் தரவை வரைந்து பார்க்க உலகமெங்கும் கையாளப்படும் கருவி ‘ரூட்’. மதுரையில் 85 டன் எடையில் உணரியின் சின்ன மாதிரி ஒன்றும் 2018 வாக்கில் இயங்கத் தொடங்கி, வானிலிருந்து வரும் மியூவான்களைப் பதிவுசெய்தது.

ஜியண்ட்4-ம் ரூட்டும் லினக்ஸில் தம் வரைபட விண்டோக்களைக் காலங்காலமாக எக்ஸ்11 வழியாகத்தான் திறந்துவந்திருக்கின்றன. இந்தத் துறையின் பழக்கம் அதைச் சார்ந்தே வளர்ந்தது. கணக்கு எங்கோ ஒரு பெரிய கணினியில் ஓடும். வரைபடத்தின் விண்டோ மட்டும் வலைப்பின்னல் வழியாக மாணவரின் மேசையில் திறக்கும். எக்ஸ் உலகில் ‘சர்வர்’ என்பது தொலைவிலுள்ள பெரிய கணினி கிடையாது. கண்ணுக்கு முன்னால் திரையைக் கையில் வைத்திருக்கும் சிறிய கணினிதான் சர்வர். புதிதாக வருபவர் எல்லாரையும் ஒருமுறை குழப்பிவிட்டுத்தான் விடும் பெயர் இது. வேலண்ட் இப்படித் தொலைவிலிருந்து விண்டோ அனுப்பும் வேலையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குத் தனிக் கருவி தேட வேண்டும், அல்லது எக்ஸ்வேலண்டைக் கும்பிட வேண்டும்.

இயற்பியல் கூடங்களில் இதற்கு ஒரு நல்ல நடைமுறை முன்பே உண்டு. 2014-ல் ரூட் 6 வந்தபோது, உள்ளேயிருந்த மொழிபெயர்ப்பு இயந்திரமே மாறியது. பழைய ரூட் 5-ல் தடுமாறாமல் ஓடிய குறுநிரல்கள் புதியதில் பிழை பிழையாகக் கக்கின. உருவாக்கியவர்கள் ரூட் 5-ஐ உடனே தலைமுழுகவில்லை; பிறகும் சில ஆண்டுகள் திருத்தங்கள் வெளியிட்டார்கள். பயனாளர் கணினியில் ரூட் 5 ஒரு அடைவில், ரூட் 6 இன்னொரு அடைவில் இருக்க முடிந்தது. டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தால், அந்த விண்டோவுக்கு மட்டும் எந்த ரூட் என்பது முடிவாகிவிடும். இடதுபக்க டெர்மினலில் பழையது, வலதுபக்கத்தில் புதியது. ஒரே தரவை இரண்டிலும் ஓட்டி, விடை ஒத்துப்போகிறதா என்று அந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். இரண்டு பதிப்புகளை ஒரே கணினியில் வைப்பதன் முழுப் பயன் இதுதான். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் புதியது சொல்வது சரியா என்று கேட்க முடியும். பழையதை அழித்துவிட்டால், புதியது சொன்னதே வேதவாக்கு.

பொட்டிபுரம் போன்ற திட்டங்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் முன்பு எழுதிய கணக்கை, நாளை ஒரு நீதிமன்றமோ வல்லுநர் குழுவோ மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லலாம். வேறு இடத்தில் வேறு வடிவில் உணரி அமைந்தாலும் பழைய கணக்கோடு ஒப்பிடத்தான் வேண்டும். அப்போது நிரல் இருக்கிறது, ஓட இடமில்லை என்ற பதில் கேலிக்கூத்தாகும்.

பள்ளிக் கணினிகளிலும் இதே கேள்வி உண்டு. போடியிலிருந்து மேற்கே 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அந்தப் பக்கம் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிகளில் கட்டற்ற மென்பொருள்தான் பாடத்திட்டமே. கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தன் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்துத் தருகிறது. இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. இரண்டும் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேமித்து, கணினியை அணைத்து, மறுபடி ஏற்றி, பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மாணவர் தினமும் இதைச் செய்வார்? லினக்ஸ் பகுதி பெரும்பாலும் தொடப்படாமல் வட்டில் இடம் அடைத்துக் கிடந்ததில் ஆச்சரியமில்லை.

இரண்டு பதிப்புகளை ஒரே கணினியில் வைப்பது வேறு, ஒரே நேரத்தில் ஒரே திரையில் ஓடவிடுவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. எக்ஸ்10 காலத்துச் சங்கடமும் இதேதான். ஓப்பன்விண்டோஸும் எக்ஸ்வேலண்டும் வென்ற இடம், பயனாளரை எதையும் அணைக்கச் சொல்லாத இடம். கேரளம் இரட்டை ஏற்பாட்டையே தவிர்த்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. ஆசிரியர் பயிற்சியில் ஆண்டுக்கணக்கில் உழைத்ததால் அது எடுபட்டது. அந்த உழைப்புக்குத் தயாராக இல்லாத அரசு, குறைந்தபட்சம் இரண்டையும் அக்கம்பக்கத்தில் ஓடவாவது விடவேண்டும்.

தமிழ் தட்டச்சிலும் இந்த மாற்றம் கைவைக்கிறது. எக்ஸ்11-ல் ஒரு நிரல் மற்ற நிரல்களுக்குப் போகும் விசை அழுத்தங்களை எட்டிப்பார்க்கலாம், தானே விசை அழுத்தியது போலப் பாசாங்கும் செய்யலாம். சில தட்டச்சு உதவி நிரல்கள் இந்த ஓட்டையில்தான் குடியிருந்தன. வேலண்ட் அதைக் கொள்கையாகவே அடைத்துவிட்டது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி போன்ற முறையான வழியில் வரும் தமிழ்99 விசைப்பலகை பிழைத்துக்கொள்ளும். குறுக்குவழியில் வந்தவை வேலண்ட் விண்டோவுக்குள் நுழையாமல் வாசலில் நிற்கும். அதேசமயம், விசைப்பலகை வரைபடங்களின் தொகுப்பை வேலண்டும் எக்ஸிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் டேப், டிஸ்கி என்று பழைய குறியாக்கங்களின் பெயர் தாங்கிய தமிழ் விசைப்பலகைகள் இன்றும் அந்தப் பட்டியலில் கிடக்கின்றன. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் பழைய எழுத்துருக் கோப்புகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு, இப்படி விட்டுவைப்பதன் அருமை தெரியும்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை, வலுவாகவே உண்டு. இரண்டைப் பராமரிக்க இரட்டைக் கூலி. பழையதில் ஓட்டைகள் ஒளிந்திருக்கும்: 1991-ல் எக்ஸ் எழுத்துரு நூலகத்தில் நுழைந்த ஒரு பிழை 2014 ஜனவரியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. எக்ஸ் சர்வரைப் பராமரித்தவர்களே பலர் வேலண்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் குறியீட்டின் அலுப்பு அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைப் பழைய வீட்டுக்கே காவல் இருக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பழையதையும் வைத்திருங்கள் என்று பொதுப்படையாகச் சொல்வது அரசு அலுவலகங்களில் எதையுமே மாற்றாமல் இருக்கும் சோம்பலுக்குச் சாக்காகவும் ஆகிவிடும்.

ஆனால் அவசரத்துக்கும் விலை உண்டு. உபுண்டு 2017 அக்டோபரில் வேலண்டை முதன்மையாக்கியது. திரையைப் பகிர்வது, தொலைவிலிருந்து கணினியை இயக்குவது போன்றவை சரியாக அமையாததால், 2018 ஏப்ரலில் வந்த நீண்டகாலப் பதிப்பில் எக்ஸுக்கே திரும்பியது. மறுபடி வேலண்டை முன்னிறுத்த 2021 ஆனது. பின்வாங்க இடம் இருந்ததால் அது ஒரு செய்தியோடு முடிந்தது. பழைய சர்வரை முன்பே அழித்திருந்தால் பயனாளர்களின் கதி என்ன ஆகியிருக்கும்? பழையதற்கு ஓய்வு நாள் குறிப்பது தவறில்லை. அந்த நாளைப் பல ஆண்டுகள் முன்பே சொல்லி, அதுவரை இரண்டும் ஒரே திரையில் ஓடுவதை உறுதிசெய்வதுதான் நியாயமான முறை. ரெட்ஹாட் எக்ஸ் சர்வரை நீக்கப்போவதாக 2023 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. நீக்கும்போதும் எக்ஸ்வேலண்டை விட்டுவைத்தது. வணிக நிறுவனம் ஒன்று காட்டும் இந்தக் குறைந்தபட்ச மரியாதையை, மக்கள் பணத்தில் கணினி வாங்கும் துறைகளிடமும் எதிர்பார்க்கலாம்.

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவிக்கப்பட்டது. அரசுக்காகக் கணினி கொள்முதல் செய்யும் எல்காட் நிறுவனம் இனி வெளியிடும் ஒப்பந்தப்புள்ளிகளில் நினைவகம், திரை அளவு, பேட்டரி என்று எழுதும் வரிகளோடு இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். லினக்ஸ் தரப்பட்டால் பழைய எக்ஸ்11 நிரல்கள் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடவேண்டும். தமிழ்99 தட்டச்சு பழைய விண்டோ, புதிய விண்டோ இரண்டிலும் சோதித்துக் காட்டப்படவேண்டும். நியூட்ரினோ திட்டத்தில் பங்கேற்ற நிறுவனங்களும், மலையின் தலையெழுத்து நீதிமன்றத்தில் எப்படி முடிந்தாலும் சரி, உருவகக் கணக்கு நிரல்களை அவை ஓடும் பழைய லினக்ஸ் சூழலோடு சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். வரிப்பணத்தில் எழுதப்பட்ட நிரல்கள் அவை. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே கணக்கை ஓட்டிப் பார்த்துவிட்டு வாதாடட்டும்.